பேர்போன உணவகத்தின் வெளிநாட்டுக் கிளை: போகலாமா, எப்போது போகலாம், என்ன கேட்டு வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய உணவகத்தில் சாப்பிட்டிருக்கிறீர்கள், அந்தச் சுவை இன்னும் நினைவில் இருக்கிறது. அதே உணவகம் இப்போது வேறொரு நாட்டில் முதல் கிளையைத் திறந்து மூன்று வாரம் ஆகிறது, நீங்கள் அடுத்த மாதம் அந்த ஊருக்குப் போகிறீர்கள், மொத்தம் நான்கு பேர், அதில் ஒருவர் சைவம். அதே தரம் இருக்குமா, அவ்வளவு காசைக் கொட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் தள்ளிப்போட வழி இருந்தால் நாலைந்து மாதம் கழித்துப் போங்கள். வழி இல்லை என்றால் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு மதியத்துக்கு இடம் கேளுங்கள். அதற்கும் முன்னால் ஒரே ஒரு விஷயத்தைக் கண்டுபிடியுங்கள்: அந்தக் கிளையில் தினமும் அடுப்படியில் நிற்பது யார்? வாசலில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதை விட இது பல மடங்கு முக்கியம். ஹோட்டல் துறையில் புது உணவகங்களைத் திறக்கிற குழுக்களோடு வேலை பார்த்தவன் என்பதால் இதை உள்ளே இருந்து பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் நட்சத்திரக் கணக்கு. விளம்பரத்தில் 'மூன்று மிச்செலின் நட்சத்திர உணவகத்தின் புதிய கிளை' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். மிச்செலின் என்பது நல்ல உணவகங்களுக்கு ஒன்று முதல் மூன்று வரை நட்சத்திரம் கொடுக்கும் ஒரு கையேடு. அந்த நட்சத்திரம் கொடுப்பது உணவகத்துக்கு, செஃபுக்கு இல்லை. அதுவும் அந்த ஒரு முகவரியில் இருக்கிற உணவகத்துக்கு மட்டும். எனவே கிளை பூஜ்யத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. பொருட்களின் தரம், சமைக்கும் திறமை, சுவைகள் ஒன்றோடொன்று சேர்கிற விதம், செஃபின் தனித்தன்மை தட்டில் தெரிகிறதா, ஒவ்வொரு முறையும் அதே தரம் வருகிறதா என்று பார்த்து அந்தக் கிளையைத் தனியாக எடை போடுவார்கள். மிச்செலின் கையேடே வராத ஊர்களும் நிறைய இருக்கின்றன, அங்கே திறக்கிற கிளைக்கு நட்சத்திரம் கிடைக்கவும் வழியில்லை, பறிபோகவும் வழியில்லை. ஆக அந்த விளம்பர வரி பொய் இல்லைதான், ஆனால் நீங்கள் உட்காரப்போகிற மேஜையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது காசு யாருடையது என்கிற விஷயம். கிளை என்றதும் அந்த செஃபே கையிலிருந்து முதல் போட்டு இன்னொரு ஊரில் கடை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் வெளிநாடு என்று வரும்போது பெரும்பாலும் ஒரு ஹோட்டல், கேசினோ அல்லது ஒரு முதலீட்டாளர் கட்டடம், கிச்சன், ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். உணவகத்துக்காரர்கள் பெயரையும், ரெசிபியையும், பயிற்சியையும், ஆரம்பத்தில் சில ஆட்களையும் கொடுத்துவிட்டு விற்பனையில் ஒரு சதவீதம் வாங்கிக்கொள்வார்கள். செஃப் வருடத்துக்குச் சில முறை வந்து போவார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அந்த நாட்களில் கேமராவும் வரும். மற்ற நாட்களில்தான் நீங்களும் நானும் சாப்பிடுகிறோம்.

இதை வைத்து ஹோட்டலுக்குள் இருக்கிற கிளை எல்லாம் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரெஞ்சு செஃப் ஜோயல் ரோபுஷான் 2005-ல் லாஸ் வேகஸில் எம்ஜிஎம் கிராண்ட் கேசினோவுக்குள் திறந்த உணவகம் மூன்று நட்சத்திரம் வாங்கியது. சிங்கப்பூரில் ஒரு கேசினோ விடுதி வளாகத்துக்குள் இருந்த அவருடைய உணவகம், 2016-ல் அந்த ஊருக்கு முதல் மிச்செலின் கையேடு வந்தபோது மூன்று நட்சத்திரம் வாங்கிய ஒரே உணவகம். பணக்கார பங்காளி இருந்தால் நல்ல அடுப்பு, நல்ல பொருள், தேவையான ஆட்கள் எல்லாம் கிடைக்கும். ஆனால் கடையின் ஆயுளும் அந்தப் பங்காளியின் கையில்தான் இருக்கும். அந்த சிங்கப்பூர் உணவகம் 2018-ல் மூடப்பட்டது, நட்சத்திரம் இருந்தும்.

ரோபுஷான் பெயரை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிளை வைப்பதில் அவர் அளவுக்கு வெற்றி பெற்றவர்கள் குறைவு. 1996-ல் 51 வயதில் ஓய்வு பெற்றுவிட்டு, 2003-ல் திரும்பி வந்து 'லாட்டலியே' என்ற பெயரில் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கடை திறந்தார். அப்புறம் லாஸ் வேகஸ், நியூயார்க், லண்டன், ஹாங்காங் என்று பரவியது. 2018-ல் இறந்தபோது உலகிலேயே அதிக மிச்செலின் நட்சத்திரம் வைத்திருந்த செஃப் அவர்தான். ஒரு மனிதர் எத்தனை ஊரில் சமைக்க முடியும்? அவர் சமைக்கவில்லை. பாரிஸில் அவர் கிச்சனிலேயே வருடக்கணக்கில் வளர்ந்த நாலைந்து பேரைக் கூடவே வைத்திருந்தார், அவர்கள்தான் ஊர் ஊராகப் போய் கிளைகளை நிறுத்தினார்கள். லாஸ் வேகஸ் கிச்சனை நடத்திய க்ளோட் லு டோஹிக் அந்தப் பள்ளியில் வந்தவர், அங்கே சமைத்ததற்காக 2010-ல் அவருக்கே அமெரிக்காவில் செஃப்களுக்குக் கொடுக்கும் ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. வாசலில் ரோபுஷான் பெயர், கரண்டி லு டோஹிக் கையில். இப்படி ஒரு ஆள் இருந்தால் கிளை நிற்கும்.

சுஷி கடைகளில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே கிச்சன் என்று தனியாக ஒன்று இல்லை, சமைப்பவர் உங்கள் எதிரிலேயே நிற்கிறார். டோக்கியோ கின்சாவில் இருக்கிற சுஷி யோஷிதாகே 2012-ல் ஹாங்காங்கில் ஒரு கிளை திறந்தது, பிறகு அதற்கு சுஷி ஷிகோன் என்று பெயர் வந்தது. டோக்கியோ கடையின் செஃப் யோஷிதாகேயிடம் தொழில் கற்ற யோஷிஹாரு காகினுமாவை அங்கே நிரந்தரமாக உட்கார வைத்தார்கள். மீன் ஜப்பானிலிருந்து விமானத்தில் வரும். ஒரு சில இருக்கைகள்தான். சீக்கிரமே அந்தக் கிளையும் மூன்று நட்சத்திரம் வாங்கிவிட்டது. நான் ஒரு கிளையைப் பற்றி விசாரிக்கும்போது இந்த மாதிரி அமைப்பு இருக்கிறதா என்றுதான் தேடுவேன்: சின்ன கடை, நிலையான ஆள், பொருள் வருகிற வழி தெளிவாகத் தெரிவது.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் சொல்வார்கள், அவ்வளவுதான். புக் செய்யும்போது மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்: கிளையின் தலைமை செஃப் யார், அசல் உணவகத்தில் எவ்வளவு காலம் வேலை பார்த்தார், நாங்கள் வருகிற அன்று இருப்பாரா? நல்ல கடையாக இருந்தால் பெயரோடு பெருமையாகப் பதில் வரும். 'எங்கள் குழு முழுவதும் அசல் உணவகத்தின் தரத்தில் பயிற்சி பெற்றது' என்று மழுப்பலாக வந்தால், பெரும்பாலும் அங்கிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகப் போகிறார்கள் அல்லது போயேவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பேஸ்ட்ரி செஃப் யார் என்றும் கேட்டுப் பாருங்கள். யாருமே கேட்காத கேள்வி அது, அதனால் பதில் தயாராக இருக்காது, உண்மை வெளியே வரும்.

இப்போது நிஜமான சிக்கலுக்கு வருகிறேன். ஆளையும் ரெசிபியையும் விமானத்தில் ஏற்றலாம். தண்ணீரை, மாவை, பாலை அப்படி ஏற்ற முடியாது, அல்லது யாரும் ஏற்றுவதில்லை. கிளையில் சாப்பிட்டுவிட்டு 'ஏதோ குறைகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை' என்று பலர் சொல்வது இதனால்தான்.

மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் மாவை வகைப்படுத்துவது அதிலுள்ள சாம்பல் அளவை வைத்து. டி55 என்றால் எரித்தால் சுமார் 0.55 சதவீதம் தாதுச் சாம்பல் மிஞ்சும் மாவு. அமெரிக்காவில் புரத அளவைப் பார்த்து வாங்குவார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல் என்பதால் இதற்குச் சமம் அது என்று நேராக மாற்ற முடியாது, கிளையின் ரொட்டிக்காரர் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பிரான்ஸில் உப்புப் போடாத வெண்ணெயில் குறைந்தது 82 சதவீதம் கொழுப்பு இருக்கும், அமெரிக்காவில் சட்டப்படி 80 போதும். இரண்டு சதவீதம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், அடுக்கடுக்காக மடிக்கிற க்ருவாசான் மாவில் அது பளிச்சென்று தெரியும். க்ரீம் இன்னும் மோசம். பிரிட்டனின் டபுள் க்ரீமில் 48 சதவீதம் கொழுப்பு, அமெரிக்காவின் ஹெவி க்ரீம் 36-ல் ஆரம்பிக்கிறது. லண்டனில் எழுதிய சாஸ் ரெசிபியை அப்படியே அங்கே போட்டால் சாஸ் நீர்த்துப் போகும், சரிக்கட்ட அதிக நேரம் சுண்டவைத்தால் நிறமும் வாசனையும் மாறும்.

தண்ணீர் எல்லாவற்றையும் விட மறைவான எதிரி. ஜப்பானிய சமையலின் அடிப்படையான தாஷி, கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்து எடுக்கிற சாறு. அதற்கு மென்னீர் வேண்டும். லண்டன் மாதிரி கடினநீர் வருகிற ஊரில் கால்சியம் குறுக்கே நின்று, சாறு சரியாக இறங்காது, மேலே நுரை கட்டும். ஒழுங்கான கிளைகள் தண்ணீரை வடிகட்டி மென்மையாக்கும் கருவிக்குத் தனியாகச் செலவு செய்வார்கள். டீ, காபி, ரொட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அப்புறம் சட்டம். 60 நாளுக்குக் குறைவாகப் பதப்படுத்திய பச்சைப்பால் சீஸை அமெரிக்காவில் விற்கக் கூடாது, ஆகவே பாரிஸில் சீஸ் வண்டியைப் பார்த்து மயங்கியவர்கள் நியூயார்க்கில் அதே வண்டியை எதிர்பார்க்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சையாகப் பரிமாறுகிற மீனை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும், சில வளர்ப்பு மீன்கள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வாத்தின் கொழுக்கவைத்த ஈரலான ஃபுவா கிரா இறக்குமதியை இந்தியா 2014-ல் தடை செய்தது. உண்மையான கோபே மாட்டிறைச்சி 2012 வரை ஜப்பானை விட்டு வெளியே ஏற்றுமதி ஆனதே இல்லை. அதற்கு முன் வெளிநாட்டு மெனுக்களில் 'கோபே' என்று போட்டுப் பரிமாறியது எல்லாம் வேறு ஏதோ. இதனால்தான் அசல் கடையின் மெனுவை அப்படியே தூக்கி வந்திருக்கிறோம் என்று எந்தக் கிளையாவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். தூக்கி வர முடியாது, எங்கேயோ சமரசம் செய்திருப்பார்கள், எங்கே என்று சொல்ல மறுக்கிறார்கள்.

பயணத்துக்குத் தாங்கும் உணவுகளும் உண்டு, அவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் ஆர்டர் செய்வது சுலபம். பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் ஜப்பானிய பாணி உணவகமான நோபுவின் பிளாக் காட் மீன் இதற்கு நல்ல உதாரணம். 1994-ல் நியூயார்க், 1997-ல் லண்டன் என்று கிளம்பி இன்று எந்த நோபுவில் சாப்பிட்டாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். காரணம் எளிது: அந்த மீனில் கொழுப்பு அதிகம், உறையவைத்து அனுப்பினாலும் கெடாது, இரண்டு மூன்று நாள் மிசோ என்ற புளித்த சோயா விழுதில் ஊறுகிறது, கிரில் செய்பவர் ஒரு நிமிடம் கூடுதலாக விட்டாலும் மன்னித்துவிடும். அதாவது கையின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் உணவு. தைப்பேயின் டின் டாய் ஃபங்கை உயர்தர உணவகம் என்று சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கிளை நடத்தும் கலையில் அவர்கள்தான் வாத்தியார். அவர்களுடைய பேர்போன டம்ப்ளிங் (நம் கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகவைப்பது) ஒன்றுக்கு மேல்மாவு 5 கிராம், பூரணம் 16 கிராம், மடிப்பு 18, எடை போட்டுத்தான் செய்வார்கள். அவர்களுடைய ஹாங்காங் கிளைக்கு மிச்செலின் நட்சத்திரமே கிடைத்தது.

ஆக, ஊறவைத்தவை, நீண்ட நேரம் வேகவைத்தவை, எடை போட்டுச் செய்பவை, சாக்லெட் சார்ந்த இனிப்புகள் இவை எல்லாம் தாங்கும். ரொட்டி, பச்சை மீன், கீரையும் பூவுமாக அலங்கரித்த தட்டுகள், தெளிந்த சாறுகள் இவை தடுமாறும். அசல் கடையில் நீங்கள் சாப்பிட்டு மறக்க முடியாத உணவு இரண்டாவது வகையாக இருந்தால் அதைக் கிளையில் கேட்டு வாங்காதீர்கள். நல்ல நினைவு ஒன்று கெட்டுப்போவதுதான் மிச்சம்.

எனக்குப் பிடித்த கிளைகள் எல்லாம் நகல் எடுப்பதை நிறுத்தியவை. டோக்கியோவின் ரியூகின் 2014-ல் தைப்பேயில் ஷோஉன் ரியூகின் என்று ஒன்றைத் திறந்தது. ஜப்பானிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்குமதி செய்யாமல் தைவான் மீனையும் காய்கறியையும் வைத்து ஜப்பானிய முறையில் சமைத்தார்கள். தைப்பேக்கு முதல் மிச்செலின் கையேடு வந்த 2018-ல் இரண்டு நட்சத்திரம். கோபன்ஹேகனின் நோமா நிரந்தரக் கிளையே வைக்கவில்லை. 2015-ல் டோக்கியோ, 2016-ல் சிட்னி, 2017-ல் மெக்சிகோவின் துலும் என்று குழுவோடு போய், சில வாரங்கள் அந்த ஊர்ப் பொருளில் புது மெனு சமைத்துவிட்டுத் திரும்பினார்கள். டோக்கியோவில் இறால் மேல் எறும்பு வைத்துக் கொடுத்தது அப்போது பெரிய பேச்சானது. அந்த எறும்பில் எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு இருக்கிறது, அதிர்ச்சி கொடுப்பதற்காக மட்டும் வைத்தது இல்லை. இந்த மாதிரி தற்காலிகக் கடைக்கும் கிளைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஹெஸ்டன் ப்ளூமென்தால் 2015-ல் இங்கிலாந்தில் தன் ஃபேட் டக் உணவகக் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது, ஆறு மாதம் அதை மெல்போர்னுக்கே கொண்டுபோனார். இடம் கிடைக்கக் குலுக்கல் நடந்தது. அது முடிந்ததும் அதே இடத்தில் வந்த டின்னர் பை ஹெஸ்டன் தான் நிரந்தரக் கிளை, 2020-ல் மூடிவிட்டார்கள். குழுவே வருவதற்கும் பெயர் வருவதற்கும் நடுவில் அவ்வளவு தூரம்.

எனவே மெனுவைப் பாருங்கள். இணையத்தில் போட்டிருப்பார்கள். எல்லாமே அசல் கடையின் பழைய புகழ்பெற்ற உணவுகள் என்றால் அது ஒரு நினைவுப்பொருள் கடை. நான்கில் ஒன்றாவது அந்த ஊரில் பிறந்த உணவாக இருந்தால் உள்ளே யாரோ யோசிக்கிறார்கள்.

எப்போது போவது என்பதற்கு இப்போது விளக்கம். புதுக் கிளைக்கு அசல் கடையிலிருந்து ஒரு திறப்புக் குழு வரும். அவர்கள் பொதுவாகச் சில வாரங்கள், சில இடங்களில் இரண்டு மூன்று மாதம் இருந்து உள்ளூர் ஆட்களைப் பழக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அப்படியானால் அந்தக் குழு இருக்கும்போதே போவதுதானே நல்லது என்று கேட்பீர்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வாரங்களில் திறமைசாலிகள் சமைப்பதை விடச் சொல்லிக்கொடுப்பதில்தான் இருப்பார்கள், அடுப்பின் சூடு எந்த மூலையில் அதிகம் என்று யாருக்கும் இன்னும் தெரியாது, காய்கறிக்காரர் மூன்றாவது முறையாக மாற்றப்பட்டிருப்பார், பரிமாறுபவர் மெனுவை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். நான் விருந்தாளியாகப் போன ஒரு கிளையில், திறந்து இரண்டாவது வாரம், மூன்றாவது உணவுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் இனிப்பு இரண்டும் ஒன்றாக வந்தன, மீன் வரவே இல்லை, பில்லில் மட்டும் வந்தது. கேட்டதும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த மீனுக்காகத்தான் நான் போயிருந்தேன்.

பத்திரிகை விமர்சகர்கள் புதுக் கடைக்குக் குறைந்தது ஒரு மாதமாவது அவகாசம் கொடுத்து, ஒரு முறைக்கு மேல் போய்ப் பார்த்துத்தான் எழுதுவது வழக்கம். அதற்கே காரணம் இதுதான். திறப்புக் குழு கிளம்பி, அதற்குப் பிறகு உள்ளூர்க் குழு தன் காலில் நிற்க ஒன்றிரண்டு மாதம். நான் நாலைந்து மாதம் என்று சொன்னது இந்தக் கணக்கில். ரொம்பவும் தள்ளாதீர்கள், இரண்டாவது வருடத்தில் சில இடங்களில் முதல் தலைமை செஃப் வேறு வேலைக்குப் போய்விடுவார், அப்போது மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். சாஃப்ட் ஓப்பனிங் என்று தள்ளுபடியில் கூப்பிட்டால் மட்டும் விதிவிலக்கு, ஒத்திகை பார்க்கிறோம் என்று அவர்களே சொல்லிக் காசைக் குறைக்கிறார்கள், அது நேர்மையான பேரம்.

சர்வீஸ் பற்றிச் சொன்னால் பெரிய கதையாகிவிடும், ஒன்று மட்டும். ஒரு ஊரில் மரியாதையாகத் தெரிவது இன்னொரு ஊரில் பந்தாவாகத் தெரியும். பிரெஞ்சு செஃப் அலேன் டுகாஸ் 2000-ல் நியூயார்க்கில் எசெக்ஸ் ஹவுஸ் ஹோட்டலுக்குள் கடை திறந்தபோது, பில்லில் கையெழுத்துப் போட விதவிதமான பேனாக்களை நீட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஊரே சிரித்தது, பேனாவை எடுத்துவிட்டார்கள். சமையலில் குறை இல்லை, 2005-ல் நியூயார்க்கின் முதல் மிச்செலின் கையேட்டில் மூன்று நட்சத்திரம் வாங்கியது. ஆனாலும் 2007-ல் மூடிவிட்டது. டோக்கியோவில் லா டூர் டார்ஜான் நேர்மாறாகச் செய்தது. பாரிஸில் அந்த உணவகம் பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் 1890 முதல் எண் போடுவார்கள்; 1921-ல் பின்னாளில் பேரரசரான ஹிரோஹிட்டோ அங்கே சாப்பிட்ட வாத்தின் எண் 53,211. 1984-ல் டோக்கியோவில் திறந்தபோது அதற்கு அடுத்த எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். விருந்தாளியின் பெருமையை எடுத்துத் தன் மரபோடு சேர்த்துக்கொண்டது புத்திசாலித்தனம். அந்தக் கடை இப்போதும் நடக்கிறது.

ஒயினில் அசல் கடையோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். பழைய பாட்டில்கள் பல்லாண்டுகளாகச் சேர்வது, கிளைக்கு அந்தக் கிடங்கு வராது. பாரிஸ் லா டூர் டார்ஜானின் நிலவறையில் மூன்று லட்சம் பாட்டில்களுக்கு மேல் இருக்கின்றன. புதுக் கிளையின் பட்டியலில் இருப்பவை போன வருடம் மொத்த வியாபாரியிடம் வாங்கியவை, அதன் மேல் அந்த நாட்டு வரியும் ஏறியிருக்கும். ஹாங்காங் 2008-ல் ஒயின் வரியையே எடுத்துவிட்டது, வேறு சில ஊர்களில் வரி கண்ணைக் கட்டும். கோப்பையில் ஒன்று வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம்.

பில்லில் கடைசி வரி வரை என்னென்ன சேரும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும், அதன் மேல் 9 சதவீத வரியும் வரும். லண்டனில் பெரும்பாலும் 12.5 சதவீதம் சேர்த்துவிடுவார்கள், ஆனால் அது விருப்பத்தின் பேரில், எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் மெனு விலையில் சர்வீஸும் இருக்காது, விற்பனை வரியும் இருக்காது. ஜப்பானில் டிப்ஸ் வைத்தால் ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். இப்போது பல கிளைகளில் டேஸ்டிங் மெனுவுக்கு (கடையே தேர்ந்தெடுத்து வரிசையாகக் கொடுக்கும் சின்னச் சின்ன உணவுகள்) முழுக் காசையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள், சினிமா டிக்கெட் மாதிரி. ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்பதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நான்கு பேரில் ஒருவர் வரவில்லை என்றாலும் நான்கு பேர் காசு போகும்.

சைவக்காரர் விஷயம். அசல் கடையில் அருமையான சைவ மெனு இருந்தாலும் கிளையில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், திறக்கும் அவசரத்தில் முதலில் விட்டுவிடுவது அதைத்தான். புக் செய்யும்போதே எழுதிவிடுங்கள், இரண்டு நாள் முன்பு மறுபடி நினைவூட்டுங்கள். 'வெஜிடேரியன்' என்று ஒரு வார்த்தையில் நிறுத்தாமல் விவரமாகச் சொல்லுங்கள்: மீன் சாறு, இறைச்சி ஸ்டாக், ஜெலட்டின் எதுவும் கூடாது. தாஷியில் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல் இருக்கும், மூஸ் வகை இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும், பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸை விதிப்படி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரியவைக்கும் ரென்னெட்டில்தான் செய்ய வேண்டும். முட்டை சாப்பிடுவாரா என்பதையும் எழுதுங்கள். பதிலில் என்ன கொடுப்போம் என்று இரண்டு மூன்று உணவின் பெயராவது வந்தால் நம்பலாம். 'பார்த்துக்கொள்கிறோம்' என்று மட்டும் வந்தால் அவருக்கு ஒன்பது முறை காய்கறி சாலட்தான்.

தேதியை மாற்றவே முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள். வார நாளில் மதியம், சமைப்பவருக்கு எதிரே உட்காரும் கவுண்டர் இருக்கை இருந்தால் அது. மதிய மெனு சின்னது, கிச்சன் மேல் சுமை குறைவு, விலையும் பெரும்பாலும் கணிசமாகக் குறைவு. உள்ளே போனதும் இந்த ஊருக்கு வந்தபிறகு உருவாக்கிய உணவு எது என்று கேட்டு அதை வாங்குங்கள். அசல் கடையின் புகழ்பெற்ற உணவில் ஒன்றே ஒன்றை நடுவில் வைத்து நான்கு பேரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை அதோடு தீர்ந்துவிடும். உப்போ சூடோ சரியில்லை என்றால் அப்போதே மெதுவாகச் சொல்லிவிடுங்கள். திறந்த புதிதில் அவர்கள் கேட்பது போல ஒரு வருடம் கழித்துக் கேட்க மாட்டார்கள், பல நேரம் தட்டையே மாற்றிக் கொண்டுவருவார்கள். வெளியூர்க்காரர்கள்தானே என்று வீட்டுக்கு வந்த பிறகு இணையத்தில் திட்டி எழுதினால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

அந்த செஃப் பெயரை மின்னஞ்சலில் கேட்டு என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள், டேஸ்டிங் மெனுவுக்குப் போகலாமா, தனித்தனியாக வாங்கலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.